வெள்ளைக்காரனுக்கு ஊற்றிய பீர்

எவரிஸ்தா கோல்கே தலையில் தொப்பி இல்லாமல் வெளியில் நின்றதை எங்கள் ஊர் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். அந்த நாளைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் லாரியைச் சொல்லாமல் தொப்பியைச் சொன்னால் கதை நிற்காது.

உப்பு வெளியின் கரையில் மலைமேட்டில் இருக்கும் எங்கள் ஊர் ஊயுனியில், சந்தைக்குப் பின்னால் போகும் தெருவில் பஞ்சர் கடை வைத்திருக்கிறாள். இரட்டைச் சடை, அடுக்குப் பாவாடை, தலையில் வட்டத் தொப்பி. பாவாடையை வாரிச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தால் வெளியே கால் மட்டும்தான் தெரியும். வெல்டிங்கும் அவளேதான். உப்பு வெட்டுகிறவர்கள் ஒடிந்த ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு வந்து, இன்றைக்கே வேண்டும் என்று நிற்பார்கள். "இன்னைக்கே வேணும்னா நேத்தே வந்திருக்கணும்" என்பாள். சொல்லிவிட்டு அன்றைக்கே செய்தும் கொடுப்பாள். வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.

அந்த லாரி அவள் முற்றத்துக்கு வந்தது கயிற்றில் கட்டி இழுத்து. ஐரோப்பாவில் எங்கோ தீயணைக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கிழ லாரி அது. ஓர் ஆஸ்திரியத் தம்பதி அதை வாங்கி, பின்பக்கம் ஒரு வீட்டையே கட்டிவைத்திருந்தார்கள். கட்டில், அடுப்பு, அலமாரி, ஒரு மூலையில் கக்கூஸ்கூட இருந்தது. கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, காடு மலை பாலை எல்லாம் சுற்றிவிட்டு, எங்கள் உப்பு வெளியைப் பார்க்க வந்த இடத்தில் கியர் பாக்ஸ் கையை விரித்துவிட்டது. உதிரிபாகம் கடல் தாண்டி வரவேண்டும் என்று காத்திருந்தார்கள். அதற்குள் அந்த அம்மாளுக்கு எங்கள் உயரத்துக் காற்று ஒத்துக்கொள்ளாமல் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒருநாள் சாவியை எவரிஸ்தாவின் கையில் வைத்து, ஓட வைத்தால் நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்கள். உரிமையை மாற்ற அவள் அலைந்த அலைச்சல் தனிப் புராணம். அதைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும், விடுங்கள்.

தெருவே அந்த லாரிக்கு 'வெள்ளைக்காரன்' என்று பெயர் வைத்துவிட்டது. கழற்றி இரும்புக்குப் போடு என்று ஆளுக்கு ஆள் புத்தி சொன்னார்கள். எவரிஸ்தாவுக்கோ அதைப் பார்த்த நாளிலிருந்தே உள்ளுக்குள் ஒரு துடிப்பு. ஏனென்று சொல்கிறேன்.

மழைக்காலம் வந்தால் உப்பு வெளி ஏரியாகிவிடும். முழங்கால் தண்ணீர்தான், ஆனால் அத்தனையும் உப்புத் தண்ணீர். மினி பஸ் இறங்கினால் உப்பு வயரையெல்லாம் தின்றுவிடும். அக்கரை ஊர்களுக்குப் போக்குவரத்து அற்றுப்போகும். எவரிஸ்தாவின் ஒரே தங்கை இலாரியா வாழப் போனது அக்கரையில். போன மழையில் இலாரியாவுக்குக் கல்யாணம். எவரிஸ்தா புதுப் பாவாடை கட்டி, கேக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு இக்கரையில் நின்றாள். ஒரு வண்டியும் இறங்க மாட்டேன் என்றுவிட்டது. அக்கரையில் வெடி போட்ட புகை மட்டும் தெரிந்தது. அழுதுகொண்டே திரும்பிவந்து, அந்த ஆத்திரத்திலேயே அன்று சாயங்காலம் வெள்ளைக்காரனின் கியர் பாக்ஸைக் கீழே இறக்கினாள்.

அப்புறம் அவள் பட்ட பாடு! சுரங்கத்தில் செத்துக் கிடந்த ஒரு லாரியிலிருந்து பேரிங் வந்தது, அது பொருந்தவில்லை, பொத்தோசி நகரத்துக்குச் சுமந்துபோய் லேத்தில் கொடுத்து ஷாஃப்டைக் கடைந்துவந்தாள். ஆயில் சீலுக்குப் பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டினாள். அடியில் ஓடிய வயர்களை மொத்தமும் பிடுங்கி, உப்புத் தண்ணீர் எட்டாதபடி கூரையோரமாகக் கொண்டுபோனாள். அடிப்பாகம் முழுக்கக் கழிவு ஆயிலை அடித்து ஊறவிட்டாள். ஒன்று சரியானால் இன்னொன்று முகத்தைத் தூக்கும். போல்ட் ஒவ்வொன்றையும் அவள் திட்டிய திட்டு பக்கத்துவீட்டுச் சுவருக்கே மனப்பாடம்.

அவளுக்கு அந்த லாரியில் ரொம்பப் பிடித்தது மூச்சுக்குழாய்தான். எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய், முன்கதவை ஒட்டி மேலே ஏறி, கூரைக்குப் பக்கத்தில் முன்னால் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருக்கும். அதன் மூடி எந்த நாட்டிலோ தொலைந்துவிட்டது. பால்பவுடர் டப்பாவை வெட்டி, வண்டி நிற்கும்போது போட்டுவைக்க ஒரு மூடி செய்தாள்.

முதல்முறை எஞ்சின் பிடித்த அன்று முற்றத்துக் கோழிகள் சுவரேறின. கறுப்பாகப் புகையைக் கக்கி, இரண்டு தரம் இருமி, அப்புறம் தட்தட்டென்று நின்று ஓடியது பாருங்கள், எவரிஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர். ஓடிவந்த அக்கம்பக்கத்தாரிடம், "என்ன பாக்குறீங்க, லாரின்னா ஓடத்தான் செய்யும்" என்றாள்.

ஓடினால் மட்டும் போதுமா? ஆள் ஏற்ற ஓட்டுநர் சங்கம் சம்மதிக்க வேண்டும். சங்கத் தலைவர் தோன் நிக்கானோர்: பெரிய வயிறு, பெரிய மீசை, சொன்ன சொல் மாறாத மனிதர், கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. நாலு மினி பஸ் வைத்திருக்கும் சேராப்பியோவுக்கு இவள் பேச்சை எடுத்தாலே ஆகாது.

"பொம்பள ஓட்டுற பழைய இரும்புல எவன் ஏறுவான்?" என்றான் அவன் கூட்டத்தில்.

"உன் மினி பஸ்ல ஏறினவங்க பாதி தூரம் தள்ளிக்கிட்டுத்தானே போறாங்க" என்றாள் எவரிஸ்தா. "என்னுதுல உக்காந்துகிட்டு போவாங்க."

நிக்கானோர் மேசையைத் தட்டினார். தவக்காலத்துக்கு முன்னால் வரும் கார்னிவல் திருவிழா முடிந்த மறுநாள், சாம்பல் புதன் காலையில், சங்கத்து ஆட்கள் முன்னால் வண்டி கிளம்பி அக்கரை போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் மழைக்கால வழி அவளுக்கு. சேராவிட்டால் அவள் இனிமேல் சங்கத்து வாசலை மிதிக்கக் கூடாது. வழி கிடைக்காவிட்டால் வெள்ளைக்காரனுக்குத் தீனி போட அவளால் ஆகாது. கழற்றி விற்க வேண்டியதுதான். இலாரியா மறுபடி அக்கரையில் ஒரு புகையாகிவிடுவாள்.

கார்னிவல் செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் வண்டிகளின் திருநாள். வீடு, கடை, வண்டி எல்லாவற்றுக்கும் காகிதமாலை கட்டி, பூவும் வண்ணக் காகிதத்துணுக்கும் தூவி, பீர் தெளித்து, மண்ணுக்கும் ஊற்றுவோம். புது வண்டிக்கு முதல் பீரை ஊற்ற ஞானத்தகப்பன் ஒருவர் வேண்டும். எவரிஸ்தா போய்க் கேட்டது யாரைத் தெரியுமா? தோன் நிக்கானோரைத்தான். பக்தியா தந்திரமா என்று கேட்காதீர்கள், இரண்டும்தான். அவரும் வாயெல்லாம் பல்லாகச் சம்மதித்தார். அன்று முதல் அவர் அவளுக்குக் கொம்பாத்ரே, அவள் அவருக்குக் கொமாத்ரே. எங்களில் அந்த உறவு ரத்த உறவுக்குக் குறைந்ததில்லை.

பேண்டு வாசித்தது, ஆட்டம் நடந்தது. எவரிஸ்தா உள்ளே, எங்கள் மலையில் மேயும் லாமாவின் கறியைப் பரிமாறிக்கொண்டிருந்தாள். வெளியே நிக்கானோருக்கு நன்றாக ஏறிவிட்டது. டயருக்கு ஊற்றினார், பானட்டுக்கு ஊற்றினார். அப்புறம் மட்கார்டில் ஏறி நின்றுகொண்டு சொன்னாராம்:

"எந்த நாட்டுல பொறந்தா என்ன. நம்ம ஊருல ஞானஸ்நானம் ஆயிருச்சு. நம்ம பீரக் குடிச்சாத்தான் நம்ம புள்ள."

சொல்லிக்கொண்டே டப்பா மூடியைக் கழற்றி எறிந்து, திறந்திருந்த குழாய் வாய்க்குள் ஒரு புட்டியை முழுசாகக் கவிழ்த்தார். ஒற்றைக்கால் பிள்ளை நடக்குமா என்று இன்னொன்றும் கவிழ்த்தார். கைநிறையக் காகிதத்துணுக்கையும் வாய்க்குள் போட்டார். சுற்றி நின்றவர்களும் அவர் பதத்தில்தான் இருந்தார்கள், கைதட்டினார்கள். உள்ளே இருந்தவளுக்கு இது ஒன்றும் தெரியாது.

மறுநாள் காலை. நெற்றியில் சாம்பல் சிலுவையோடு சங்கமே உப்பு வெளியின் கரையில் கூடிவிட்டது. எவரிஸ்தா ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள், காப்பி நிறக் கம்பளித் தொப்பி. உப்பு தெறிக்காமல் ரேடியேட்டருக்கு முன்னால் பிளாஸ்டிக் கட்டியாகிவிட்டது. குழாய் மூடியைக் காணோம். கூத்தில் எங்கோ விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். லாரியின் பின்வீட்டில் அக்கரை ஜனங்கள் கேஸ் சிலிண்டரும் மாவுமூட்டையுமாகக் குதூகலமாக ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி ஆஸ்திரியக்காரரின் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தேவிட்டாள்.

சாவியைத் திருப்பினாள். பிடித்தது. சூடு ஏறட்டும் என்று மெல்ல ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். காலை எடுத்தாள். சத்தம் இறங்கவில்லை.

இறங்காதது மட்டுமா, ஏறியது. தானாகவே ஏறியது. நிறுத்தும் கம்பியை இழுத்தாள், நிற்கவில்லை. சாவியைப் பிடுங்கினாள்; நிற்கவில்லை. வண்டி கிடுகிடுவென ஆட, வெள்ளைப் புகை கரையையே மூடியது. கூட்டம் சிதறி ஓடியது. சேராப்பியோதான் முதலில் ஓடினான், நான் பார்த்தேன். பின்னால் இருந்தவர்கள் மூட்டையோடு குதித்தார்கள்.

எவரிஸ்தாவுக்கு ஒன்று மட்டும் தெரிந்தது: எஞ்சின் டீசலை விட்டுவிட்டு வேறு எதையோ குடிக்கிறது. டீசலை அடைத்துப் பயனில்லை, மூச்சைத்தான் அடைக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் விட்டால் வெடித்துச் சிதறிவிடும். தாவி மட்கார்டில் ஏறினாள். குழாய் வாய் காற்றை உறிஞ்சிக்கொண்டு ஊளையிட்டது. கையில் துணியில்லை, பலகையில்லை. தலையில் தொப்பி இருந்தது. பிடுங்கி, குழாய் வாயில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கினாள். தொப்பியை அது உள்ளே இழுத்தது. அவள் விடவில்லை, நெஞ்சாலும் சேர்த்து அழுத்தினாள். எஞ்சின் விக்கியது, உலுக்கியது, நின்றது.

மட்கார்டின் மேல் வெறுந்தலையோடு, சடை அவிழ்ந்து, அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். தொப்பி பாதி குழாய்க்குள் கிழிந்து போயிருந்தது.

சேராப்பியோ எங்கிருந்தோ திரும்பிவந்தான். "பாத்தீங்களா? பேய் புடிச்ச வண்டி. ஆளக் கொன்னுருக்கும். இதுக்கு மேல என்ன யோசனை, கைய தூக்குங்க."

நாலைந்து கை எழும்பவும் செய்தது. எவரிஸ்தா இறங்கி, ஏர் ஃபில்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினாள். பழைய லாரிகளில் அந்தக் கிண்ணத்தில் தூசி ஒட்டுவதற்கு ஆயில் இருக்கும். இப்போது ஆயிலுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அது கீழே தங்கி, ஆயிலை மேலே தூக்கிவிட, எஞ்சின் அந்த ஆயிலைத்தான் இழுத்துக் குடித்திருக்கிறது. மோந்து பார்த்தாள். பீர். ஆயிலில் ஊறிய சிவப்பும் மஞ்சளுமாகக் காகிதத்துணுக்குகள் மிதந்தன.

யார் வேலை என்று அவளுக்கு நொடியில் விளங்கிவிட்டது. வாய்வரை வந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பாள். ஆனால் ஞானத்தகப்பனை ஊர் நடுவே எப்படிச் சொல்வது? சொன்னால் அந்த மனிதர் தலை கவிழும், சொல்லாவிட்டால் இவள் வழி போகும். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நேரே நிக்கானோரிடம் போனாள்.

"கொம்பாத்ரே, கை கழுவிட்டு வர்றேன். இத கொஞ்சம் புடிச்சிக்கோங்க."

அவர் வாங்கினார். குனிந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. கூட்டம் அவரையே பார்த்தது. அவர் நினைத்திருந்தால் கிண்ணத்தை மண்ணில் கவிழ்த்துவிட்டுக் கையைத் தூக்கியிருக்கலாம், நேற்று கைதட்டியவர்களுக்குப் போதையில் ஒன்றும் நினைவில்லை, யாருக்கும் தெரிந்திருக்காது. எவரிஸ்தா கையைக் கழுவுகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"தூக்கின கைய எறக்குங்கப்பா" என்றார் நிக்கானோர். "வண்டி மேல குத்தம் இல்ல. நேத்து நான்தான் குழாயில பீர ஊத்தினேன். ரெண்டு புட்டி."

ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான், அப்புறம் கரையே சிரித்தது. சேராப்பியோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ பேசாத" என்றார் அவர். "புள்ளைக்கு ஊத்திக் குடுத்தவன் நான். அதனால நானே கூட உக்காந்து போறேன். செத்தா தலைவர் எடம் உனக்கு."

அப்புறம் எவரிஸ்தாவின் கைகள் பறந்தன. கிண்ணத்தை டீசல் விட்டு அலசி, புது ஆயில் ஊற்றி, குழாயிலிருந்து தொப்பியின் கடைசிக் கந்தல்வரை இடுக்கியால் பிடுங்கி, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்து மாட்டினாள். சாவியைத் திருப்பினாள், பிடித்தது. தட்தட்டென்று சாதுவாக ஓடியது.

"போதை தெளிஞ்சிருச்சு, கொம்பாத்ரே. ஏறுங்க."

குதித்த ஜனமெல்லாம் மறுபடி ஏறியது. வெள்ளைக்காரன் உப்புத் தண்ணீரில் இறங்கினான். மேலே வானம், கீழேயும் வானம், நடுவில் லாரி. இரண்டு பக்கமும் தண்ணீர் சிறகு விரித்துத் தெறித்தது. பின்னால் பாட ஆரம்பித்துவிட்டார்கள். எவரிஸ்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஹார்னை அமுக்கு அமுக்கென்று அமுக்கினாள். நிக்கானோர் ஒரு கையால் கதவையும் ஒரு கையால் நெற்றியிலிருந்த சாம்பல் சிலுவையையும் பிடித்துக்கொண்டு, "மெதுவா போ கொமாத்ரே, எனக்கு இன்னும் தெளியல" என்றார்.

அக்கரையில் ஊரே திரண்டு நின்றது. முன்னால் இலாரியா. நிக்கானோர் முதலில் இறங்கி, கேட்காமலேயே, "இது என் ஞானப்புள்ள. இனிமே மழைக்கு இவன்தான் வருவான்" என்று அறிவித்தார்.

இலாரியா அவரைப் பார்க்கவே இல்லை. அக்காவின் வெறுந்தலையைப் பார்த்தாள்.

"எங்கேக்கா தொப்பி?"

"வண்டி தின்னுருச்சு."

இலாரியா தன் தலையிலிருந்ததைக் கழற்றினாள். கறுப்புத் தொப்பி, ஓரத்தில் வெள்ளை நாடா. அக்காவின் அவிழ்ந்த சடையை ஒதுக்கிவிட்டு, அதை அவள் தலையில் வைத்து, கொஞ்சம் சாய்த்துவிட்டாள்.

"என் கல்யாணத் தொப்பிக்கா" என்றாள். "அன்னைக்குத்தான் உன்னால வர முடியல. இப்ப போட்டுக்கோ, வா, வீட்டுக்குப் போலாம்."