ஓரம் வெட்டிய ஏடு: மதுரையிலிருந்து தனுஷ்கோடிக்கு

செய்தி வந்தபோது காலை 5:40. 2007 ஆடி அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை. மதுரை வீட்டில் விழித்துத்தான் கிடந்தேன். என் மனைவி ரேவதி போனதிலிருந்து ஏழு மாதமாக அப்படித்தான்.

கூப்பிட்டது கமுதிப் பக்கத்து வள்ளி அக்கா. மிளகாய் விவசாயம். அவருடைய அய்யா விட்டுப்போன மாட்டு வாகடம், அதாவது மாட்டு வைத்தியம் சொல்லும் ஓலைச்சுவடிக் கட்டு, அவரிடம் இருந்தது. அதிலுள்ள பாட்டு இடைக்காலத்தது, ஓலை அப்புறம் படியெடுத்தது என்பது ரேவதியின் கணிப்பு. சுவடி படிப்பது அவள் வேலை, ஸ்கேனர் என் வேலை. போன வருடம் நான்கு நாள் அங்கே தங்கி எல்லா ஏட்டையும் ஸ்கேன் செய்தோம்.

“தம்பி, ராமேஸ்வரத்துல இருக்கோம். அய்யாவுக்குத் திதி குடுத்துட்டு ஏட்டையும் கடல்ல விட்டுறப் போறேன். சொல்லாம விட்டா நல்லாருக்காதுல்ல.”

“எதுக்குக்கா?”

“வாசிக்க ஆளில்லாத ஏடு வீட்டுல கெடக்கக் கூடாது. சீடில எல்லாம் பத்திரமா இருக்குன்னு நீதான சொன்ன? ரேவதி வந்து வாசிப்பான்னு பாத்தேன், ஆளக் காணோம். நல்லாருக்காளா?”

“நல்லாருக்கா,” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ.

“அக்னி தீர்த்தத்துல கூட்டம். இங்கன போட்டா கரைக்கே வந்துரும். தனுஷ்கோடி போறோம். உச்சிக்கு முன்னாடி விட்டுறணும்.”

நகல் என்னிடம் முழுசாக இருக்கிறது. எழுத்து மூலத்தைவிட நகலில்தான் தெளிவு. திரும்பிப் படுத்திருக்கலாம். ஆனால் நான்கு நாள் அவள் கையில் இருந்த ஓலை தண்ணீருக்குள் போகிறது என்பது மட்டும் மண்டையில் நின்றது.

மாட்டுத்தாவணியில் 6:15 பஸ். ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர், 62 ரூபாய். அமாவாசைக்கு நிற்கத்தான் இடம், பரமக்குடியில் உட்கார்ந்தேன். அக்காவின் போன் கிடைக்கவே இல்லை.

ஓலையில் எழுத்து கீறலாகத்தான் இருக்கும். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவினால்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த நான்கு நாளும் ரேவதி கை கரிக்கை. சோற்றைக் கரண்டியில் சாப்பிட்டாள். அக்கா வீட்டில் அதற்கு ஒரே கேலி. ஃபைல் அளவு குறையட்டும் என்று நான் படங்களின் ஓரத்தை வெட்டினேன். “ஓரத்துல வெறும் கறைதான?” என்றேன். “கறையும் ஏடுதான்டா,” என்றாள். இருந்தும் வெட்டினேன்.

ராமேஸ்வரம் 10:25. டவுன் பஸ்ஸில் மூன்றாம் சத்திரம் 11:05. தார்ச்சாலை அங்கே முடிகிறது. அதற்கப்புறம் எட்டு கிலோமீட்டர் மணலும் தண்ணீரும். வேனுக்கு ஆளுக்கு 50 ரூபாய். பத்துப் பேர் சேராமல் எடுக்க மாட்டார்கள். நான் மூன்று முறை கேட்டதும் ஓட்டுநர் திரும்பினார்.

“பாலம் கட்டப் போறீகளா சார், இம்புட்டு அவசரம்? ராமரே கொரங்கு சேர்ற வரைக்கும் காத்திருந்தாருல்ல.”

“அப்ப நாங்கதான் கொரங்கா?” என்றார் பின்னால் இருந்த ஒரு அம்மா. வேனே சிரித்தது.

11:50க்கு இறங்கினேன். இடிந்த தேவாலயத்தைத் தாண்டி, முழங்கால் தண்ணீரில் அக்கா. தலையில் மஞ்சள் துணிக்கட்டு. கரையில் அவர் வீட்டுக்காரர்.

“வா தம்பி. நீயாச்சும் சொல்லு. வீட்டுல மாடே கெடையாது, மாட்டு வாகடம் எதுக்கு? டிராக்டருக்கு எதும் எழுதியிருக்கா அதுல?”

“பேசாம இருங்க,” என்று அதட்டிவிட்டு அக்கா என் பின்னால் பார்த்தார். “ரேவதி வரலையா?”

“அவ இல்லக்கா. ஜனவரியிலயே. மூளைக் காய்ச்சல்.”

“காலைல நல்லாருக்கான்ன?”

“சொன்னேன்.”

அக்கா கரையேறினார். மணலில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்தார். கடைசி ஏட்டை எடுத்து என் மடியில் வைத்தார். இடது ஓரத்தில், நான் வெட்டிய இடத்தில், கறுப்பாக ஒரு பெருவிரல் ரேகை.

“எண்ணெக் கையோட புடிச்சுட்டு, அய்யோ கறையாக்கிட்டேனேக்கான்னு அந்தப் புள்ள என்னமாப் பதறுச்சு.”

என் விரலை அதன்மேல் வைக்கவில்லை.

“குடுங்கக்கா,” என்றேன்.

“பூட்டி வைக்கிறதா இருந்தா கடலே தேவல. வாசிப்பியா?”

“எழுத்தே சரியாத் தெரியாது.”

“தெரிஞ்சுக்க. வாரம் ஒரு ஏடாச்சும்.”

சரி என்றேன். உச்சி தாண்டியிருந்தது.

போகிறவர்களுக்கு: தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். சாயங்காலத்துக்கு அப்புறம் வேன் கிடையாது. அமாவாசையைத் தவிர்த்தால் பஸ்ஸில் உட்காரலாம். சுவடி ஸ்கேன் செய்கிறவர்களுக்கு: ஓரத்தை வெட்டாதீர்கள். அதைவிட முக்கியம், ஏட்டுக்காரரிடம் ‘இதில் எல்லாம் இருக்கிறது’ என்று சொல்லிவிடாதீர்கள். நம்பிவிடுகிறார்கள்.

ஏட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டுக்கு வரலாம். ஞாயிறு காலை மட்டும் கூப்பிட வேண்டாம். இன்றைக்கு மூன்றாவது ஏடு, பால் மறுக்கும் பசுவுக்கு மருந்து. இரண்டு வரி எழுத்துக்கூட்டிவிட்டேன். போனை அணைத்துவிட்டேன்.