கிளாவிட்டரம்மாவுக்கு வந்த கரி

செத்தவன் வந்து நின்றால் பயந்து தொலைக்கலாம். எகோன் பால்கே செத்தானா, இருக்கிறானா என்றே யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் ஹெர்த்தா கிளாவிட்டரின் ஜன்னலுக்கு வெளியே அவன் காலைத் தட்டிப் பனியை உதறும் சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால் நடைபாதை காலியாக இருக்கும். பார்க்காமல் இருந்தால் இன்னும் மோசம், சத்தம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெயித்த நாலு நாட்டுக்காரர்களும் பெர்லினைக் கூறு போட்டார்களே, எந்தப் புண்ணியவான் கோடு கிழித்தானோ, எங்கள் தெருவில் அது வீட்டுச் சுவரை ஒட்டியே போயிற்று. வீடு ரஷ்யர்களுக்கு. வாசலுக்கு வெளியே நடைபாதை பிரெஞ்சுக்காரர்களுக்கு. மிதியடியை உதறினால் தூசி வெளிநாட்டில் போய் விழும். முதலில் எல்லோரும் சிரித்தோம். அப்புறம் ஆட்கள் காணாமல் போக ஆரம்பித்தார்கள், சிரிப்பு நின்றது.

அந்த வீட்டின் காவல்காரி ஹெர்த்தா. கணவன் குண்டுவீச்சில் போனபின் படிக்கட்டு துடைப்பது, சாவிகளை வைத்திருப்பது, குடித்தனக்காரர்களைத் திட்டுவது எல்லாம் அவள்தான். வாய் நீளம், மனசு சுத்தம். இரண்டாம் மாடியில் எகோன், மனைவி இர்ம்கார்ட், நெஞ்சுச்சளி பிடித்த சின்னப் பெண் உஷி. எகோன் அச்சுக்கோர்ப்பவன். ரஷ்யர்கள் தடைசெய்திருந்த மேற்குப் பக்கத்துப் பத்திரிகைகளைக் கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்து கிழக்குப் பக்கத்து ஆலைகளில் கொடுத்துக்கொண்டிருந்தான். நாற்பத்தெட்டு இலையுதிர்காலத்தில் யாரோ துப்புக் கொடுத்துவிட்டார்கள். போட்ட சட்டையோடு தெருவைத் தாண்டி மேற்கே, பிரெஞ்சுப் பக்கத்துக்கு ஓடினான். மனைவியையும் குழந்தையையும் கூட்டிப் போகவில்லை. மேற்குப் பக்கத்துக்குச் சாமான் கொண்டுபோகும் ரயிலையும் லாரியையும் ரஷ்யர்கள் மறித்து வைத்திருந்த காலம் அது. அங்கே அடுப்புக்குக் கரி இல்லை. உஷி ஒரு வாரம் தாங்கமாட்டாள்.

அதனால் ஞாயிறுதோறும் அவன் நடைபாதையில் வந்து நிற்பான். ஹெர்த்தாவின் தரைத்தள ஜன்னல் விளிம்பில், எங்கள் ஊர் வழக்கப்படி, முழங்கை ஊன்ற ஒரு தலையணை கிடக்கும். உள்ளே இர்ம்கார்ட், மடியில் குழந்தை. வெளியே அவன். "கையை வெளியே எடுடா, ரஷ்யாக்காரன் பாதியோட வெட்டி எடுத்துக்கப் போறான்" என்று ஹெர்த்தா கிண்டல் பண்ணுவாள். வாசலுக்குள் காலடி வைப்பதில்லை என்று இர்ம்கார்ட்டுக்கு அவன் சத்தியம் செய்திருந்தான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. காலையில் இரண்டு பேர் வந்து, தண்ணீர்க்குழாய் உறைந்துவிட்டதா பார்க்கணும் என்றார்கள். நிலவறைச் சாவியை ஹெர்த்தாவே எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் திரும்பி வரக் காணோம், முற்றம் வழியாக வெளியே போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மத்தியானம் பனியும் மழையும் கலந்து கொட்டியது. உஷிக்குக் காய்ச்சல் என்று இர்ம்கார்ட் இறங்கிவர நேரமானது. எகோனின் பூட்ஸ் அடிப்பாகத்தில் ஓட்டை. உதடு நீலம் பாரித்து நின்றான்.

ஹெர்த்தாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நடைவழியைத் தினமும் மண்டியிட்டுத் தேய்ப்பவள் அவள். அவளுக்கு அது ரஷ்யாவும் இல்லை, பிரான்சும் இல்லை, அவள் நடைவழி. மழைக்கு ஒதுங்கினவர்களை அங்கே நிற்கவைத்தே பழகிப்போனவள். கதவைத் திறந்தாள்.

"உள்ளவா கூப்பிடறேன்? நடைவழியில நில்லுப்பா. சூடா ஒரு வாய் குடிச்சிட்டுப் போ."

அவன் தயங்கினான். அப்புறம் வாசலில் காலைத் தட்டிவிட்டு ஏறினான். நிலவறைக் கதவு திறந்தது, காலையில் வந்த இரண்டு பேரும் பாய்ந்து அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். கத்தக்கூட விடவில்லை. எதிர்ப்பக்கம் நின்ற பிரெஞ்சுச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள், சுவர் வரை வந்தார்கள், நின்றுவிட்டார்கள். பிறகு பிரெஞ்சுத் தளபதி ரஷ்யத் தளபதிக்குக் கண்டனம் அனுப்பினாராம். அப்படி ஒரு ஆளே இல்லை என்று பதில் வந்ததாம். பெரிய மனிதர்கள் விவகாரம் அதோடு முடிந்தது.

ஹெர்த்தா மாடியேறிப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னாள். சாவி கொடுத்ததையும் மறைக்கவில்லை. இர்ம்கார்ட் அவள் முகத்தைப் பார்த்தாள். நம்பலாமா என்று யோசிப்பது தெரிந்தது. அந்த யோசனைதான் ஹெர்த்தாவுக்கு அப்போது இருந்த ஒரே பிடிமானம்.

அதையும் கெடுத்தார்கள். அடுத்த வாரம் பட்டப்பகலில் ஒரு ரஷ்ய லாரி வந்து கரிக்கட்டி மூட்டைகளை இறக்கியது. நல்ல மேல்கோட்டு போட்ட ஒருவன், படிக்கட்டு முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒத்துழைப்புக்கு நன்றி என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். நான் எதுவும் செய்யலையே என்றாள். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று சிரித்துவிட்டுப் போனான். துப்புக் கொடுத்தவர்கள் வேறு யாரோ, அவர்களை மறைக்கத்தான் இந்த மரியாதை என்று அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கரி கண் முன்னால் கிடந்ததே.

ஒரு கட்டியைக்கூட அவள் எரிக்கவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இர்ம்கார்ட்டின் கதவைப் போய்ப் போய்த் தட்டினாள். திறக்கவில்லை. இதற்குள், பிடிபட்டவன் மனைவி என்று, இர்ம்கார்ட்டுக்கு ஆலையில் பார்த்துவந்த வேலை போயிற்று, கரிப் பங்கீடும் நின்றது. உஷியின் இருமல் படிக்கட்டில் எங்கே நின்றாலும் கேட்டது.

ஒரு காலையில் இர்ம்கார்ட் தானே இறங்கி வந்தாள். கையில் வாளி. ஹெர்த்தா எழுந்தாள். எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு தொண்டை வரை வந்தது.

"பேசாதீங்க, கிளாவிட்டரம்மா," என்றாள் இர்ம்கார்ட். "நீங்க செய்யலைன்னு இன்னொரு தடவை சொன்னீங்கன்னா நான் நம்பிடுவேன். நம்பிட்டா இந்தக் கரியைத் தொட முடியாது, அது அவரு ரத்தத்துக்கு அவரைப் பிடிச்சவங்க போட்ட பிச்சை. காட்டிக் கொடுத்தவகிட்டேருந்துன்னா பிடுங்கிட்டுப் போகலாம், அது எனக்குச் சேர வேண்டியது. சொல்லுங்க. நீங்களா?"

மேலே குழந்தை இருமியது.

"நான்தான்," என்றாள் ஹெர்த்தா. "எடுத்துக்கோ."

கதவுக்கு வெளியே பால்காரி கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. இர்ம்கார்ட் வாளியை நிரப்பிக்கொண்டாள், மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும். உஷி பிழைத்துக்கொண்டாள்.