குதிரைக்காகக் குனிந்த லாரி

நம் லாரி ஷெட் அறிவிப்புப் பலகையில் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஏற்றிய மண்குதிரை குலுங்காமல் போகட்டும் என்று, என் லாரியின் முன் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டையை நானே கழற்றிவிட்டேன்.

வண்டி மெத்தை மாதிரிதான் ஓடியது. ஆனால் முன்பக்கம் தாழ்ந்துவிட்டதால், குளத்தூர் வளைவில் திருப்பியதும் டயர் மட்கார்டில் உரசிப் புகைந்தது.

பொழுது சாய்வதற்குள் குதிரை அய்யனார் கோயிலில் நிற்க வேண்டியிருந்தது. அதற்குக் கண் திறக்கும் சடங்குக்கு ஊரே காத்திருந்தது.

பின்னால் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த, அதைச் செய்த வேளார் கத்தினார்: "யோவ், பேசாம என் குதிரையில ஏறிப் போயிரலாம்யா!"

சாலையோரப் பட்டறைக் கொல்லர் செபஸ்தியான், பாதிச் சோற்றை மூடி வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தார்.

"பட்டையில கைய வச்சது யாரு?"

"நாந்தாண்ணே."

"லாரியவே கும்புடு போட வச்சுட்டீங்களே!"

சிரித்துக்கொண்டே ஸ்பிரிங்குக்கு அடியில் புதுத் துளை போட்டு, அச்சை ஒரு விரற்கடை முன்னால் தள்ளி முடுக்கினார். மட்கார்டின் விளிம்பையும் அடித்து வெளியே மடித்தார்.

"இனி ஒரசாது. கெளம்புங்க, சாமி காத்திருக்கு."

குதிரை ஒரு கீறல் இல்லாமல் இறங்கியது. அந்த மனிதர் மட்டும் இல்லையென்றால் நான் ஊர் முகத்தில் விழித்திருக்க முடியாது. அவருக்கென்று பொங்கலை வாங்கிக்கொண்டு, ஊருணிக் கரையில் வண்டியைத் திருப்பினேன். முன்பக்கம் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறது; அதை இழுக்க வடக்கயிறு வைத்திருப்பவர்கள் இதற்குக் கீழேயே பெயர் எழுதுங்கள், சாக்பீஸ் வைத்திருக்கிறேன்.

தண்ணீருக்குள்ளும் ஸ்டியரிங்கை ஒடித்துச் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தேன். எங்கும் உரசவில்லை.