எதிராளியின் பேட்ஜ்

பெர்னடெட் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். பணியாட்கள் எதிரெதிராகப் போட்டுவைத்த வரிசை அவருக்குப் பிடிக்காது. "மொறச்சுக்கிட்டு உக்கார்றதுக்கா இவ்ளோ தூரம் வந்தாங்க? ஒட்டிப் போடுங்க லா, முழங்கை இடிக்கணும்" என்பார். இடிக்கிறதா என்று தானே உட்கார்ந்து பார்த்த பிறகுதான் அடுத்த நாற்காலிக்குப் போவார்.

மலேசியாவில், கோலசிலாங்கூர் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் அவர் மாணவர் நல அதிகாரி. பிள்ளைகள் பல தேசங்களிலிருந்து வருகிறார்கள்; அவற்றில் சில, ஒன்றையொன்று கண்டால் ஆகாத தேசங்கள். படிப்புத் தவணைக்கு ஒரு சனிக்கிழமை, அப்படிப்பட்ட இரண்டு நாட்டுப் பிள்ளைகளை மண்டபத்தில் கூட்டி, பேச்சுவார்த்தை நடத்தப் பழக்குவார். விதி ஒன்றுதான்: சொந்த நாட்டுக்காக யாரும் வாய் திறக்கக் கூடாது. எதிரி நாட்டுக் கொடி போட்ட பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு, அந்த நாட்டுக்காக வாதாட வேண்டும். "சொந்த ஊருக்கு யாருக்குத்தான் வாயடிக்கத் தெரியாது? எதிராளி வயித்தெரிச்சல நீ பேசு, பாப்போம்."

இந்த யோசனை, கலும்பாங் பக்கம் அவர் பிறந்த ரப்பர் தோட்டத்து மாதா கோயிலிலிருந்து வந்தது. பெரிய வெள்ளிக்கு நடக்கும் இயேசுவின் பாடுகளின் நாடகத்தில் அவருடைய அப்பா மத்தியாஸ்தான் காட்டிக்கொடுக்கும் யூதாஸ். ஒரு வருடம் வேஷத்தோடு லயத்து வீட்டுக்கு நடந்து போனவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்தினார். ஈஸ்டர் முடிந்தும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதிலிருந்து மத்தியாஸ் கோயில் குழாயடியிலேயே, எல்லோரும் பார்க்க முகத்தைக் கழுவி, "மத்தியாஸ் வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். பெர்னடெட்டின் கூட்டமும் அப்படித்தான் முடியும். ஒவ்வொருவராக எழுந்து, பேட்ஜைக் கழற்றி மேசையில் வைத்து, தன் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும்.

போன தவணை இந்தியாவும் பாகிஸ்தானும். பேச்சு ஆற்று நீரைப் பற்றி. காலையில் முதலில் எழுந்தவன் ஜம்முவிலிருந்து வந்த அங்குஷ். அதிகம் பேசாத பையன். பாகிஸ்தான் பேட்ஜோடு நின்று, "எங்கள் ஆற்றை அடைப்பது எங்கள் தொண்டையை அடைப்பது" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தான் பாருங்கள், மண்டபமே கைதட்டியது. சியால்கோட் பையன் பிலால், இந்திய பேட்ஜோடு எழுந்து சளைக்காமல் பதில் கொடுத்தான். சாயங்காலத்துக்குள் இரண்டு பேரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்து கையும் குலுக்கிவிட்டார்கள். பெர்னடெட்டுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த நேரம் பார்த்து, ஜெராம் சாலைக் கடையிலிருந்து கரிபாப் பலகாரம் சுடச்சுட வந்து இறங்கியது. ஆறிப்போகும், முதலில் சாப்பிடுங்கள், பேட்ஜை அப்புறம் கழற்றலாம் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்.

கூட வேலை செய்யும் டொரீன் வேகமாக வந்து போனை நீட்டினாள். "அக்கா, இதப் பாருங்க. எவனோ காலையிலயே எடுத்துப் போட்டுருக்கான். அங்குஷ் பேசுறது மட்டுந்தான் இருக்கு."

பேட்ஜ், அந்த ஒரு வாக்கியம், கைதட்டல், மேலே அவன் பெயரும் ஊரும். காணொளி அவ்வளவுதான். ஏன் பேசினான், யாருக்குப் பதிலாகப் பேசினான் என்பது எதிலும் இல்லை. கீழே வந்து குவிந்திருந்த ஹிந்தி வசவுகளை அவர்களால் படிக்க முடியவில்லை. துரோகி என்ற ஆங்கில வார்த்தை மட்டும் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. "ஐயோ, இது பயிற்சின்னு இவங்களுக்கெல்லாம் யாரு டொரீன் சொல்றது?" என்று பெர்னடெட் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அங்குஷின் போன் அடித்தது.

காணொளி அழைப்பு. அங்குஷின் அப்பா. அவருக்குப் பின்னால் அவருடைய துணிக்கடை தெரிந்தது. முன்பக்கக் கண்ணாடி இருந்த இடத்தில் வெறும் சட்டம், தரையெல்லாம் சில்லு. அவர் கத்தவில்லை. அதுதான் பெர்னடெட்டைக் குலைத்துப் போட்டது. அடங்கிய குரலில் ஏதோ சொன்னார். அந்த மொழி பிலாலுக்கும் புரியும். அவன்தான் பெர்னடெட்டிடம் ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னான்: "இனிமேல் வீட்டுக்கு வராதே என்கிறார், மேடம்."

பிலால் தன் நெஞ்சிலிருந்த இந்தியக் கொடியைக் காட்டி, இது வெறும் பயிற்சி என்று விளக்கப் பார்த்தான். கல்லெறிந்தவர்களுக்கு யார் விளக்குவது என்று கேட்டார் அப்பா. அவர் பார்வை மகனின் சட்டையைவிட்டு நகரவில்லை.

அப்போதுதான் பெர்னடெட்டும் பார்த்தார். திரையின் மூலையில் அங்குஷின் சின்ன உருவம். அதன் நெஞ்சில், பச்சைப்பசேலென்று, அந்த பேட்ஜ். கரிபாப் தட்டை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடினார்.

"அசையாத தம்பி." தமிழில்தான் சொன்னார். அங்குஷுக்கு என்ன புரிந்ததோ, அசையாமல் நின்றான். ஊசி லேசில் வரவில்லை. கழற்றிய பேட்ஜை அவர் மேசையில் வைக்கவில்லை. தன் சட்டையில், கழுத்துச் சிலுவைக்குக் கீழே குத்திக்கொண்டார். அங்குஷைத் தோளால் ஒதுக்கிவிட்டுப் போனுக்கு முன்னால் வந்து நின்று, படம் பார்த்துப் பொறுக்கிய ஹிந்தியில், "மேரி கல்தி" என்றார். என் தப்பு. அந்த அப்பாவின் கண் மகனைவிட்டுத் தன் பக்கம் திரும்பும்வரை, நெஞ்சிலிருந்த பேட்ஜை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.