மதிய வகுப்புக்குக் கொண்டுபோன சோறு

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோழி கிண்டியது போல இருக்கும். எந்த இடத்தில் எந்த 'ற' வரும், ஒற்று எங்கே போடுவது என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழைகளைத் தள்ளிவிட்டு விஷயத்தை மட்டும் வாசிக்க வேண்டும். பேசிக் காட்டச் சொன்னால் இதைவிட மோசமாக இருக்கும்.

சிம்பாங் அம்பாட்டிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் எங்கள் ரப்பர்த் தோட்டம் இருந்தது. அங்கே தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் நான் இரண்டு வருடம் இருந்தேன். பாடம் புரியாமல் இல்லை. வாத்தியார் எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்வார். எழுத்து கண்ணுக்குத் தெரியும், வாய் திறக்காது. முதல் சொல்லுக்கு முன்னாலேயே வியர்த்துவிடும். பிரம்பு விழுந்தால் இன்னும் இறுகிக்கொள்ளும். இரண்டாம் வருடக் கடைசியில் அவர் அம்மாவை அழைத்து, "இவனுக்குப் படிப்பு ஏறாதும்மா. பேசாம பால்மரம் வெட்டக் கூட்டிட்டுப் போ" என்று சொல்லிப் பெயரை அடித்துவிட்டார். மறுநாள் இருட்டு விலகும் நேரத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

எனக்குப் பதினான்கு வயதானபோது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டிலிருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்று சிதறிக் கிடந்த லயத்து வீடுகளை எல்லாம் ஒரே இடத்துக்கு மாற்றி முள்வேலி போட்டார்கள். ஒரே ஒரு கேட்டு. வெளியே போகிறவர்கள் ஒரு பருக்கைகூடக் கொண்டுபோகக் கூடாது. முன்பெல்லாம் மரத்தைக் கீறிவிட்டுப் பால் வடியும் நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அது நின்றுபோனது. காலையில் கறுப்புக் காப்பியோடு போய், பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால்தான் சோறு. பள்ளிக்கூடம் மட்டும் இடம் மாறவில்லை. கூப்பிடு தூரத்தில், வேலிக்கு வெளியே நின்றுவிட்டது.

அந்த வருடம்தான் மலாக்காவிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். இருபது, இருபத்தொன்று இருக்கும். ஒருநாள் மதியம் ஸ்டோருக்கே வந்து, வாளிகளோடு வரிசையில் நின்ற எங்களைப் பார்த்துக் கேட்டார். "பள்ளிக்கூடத்த பாதியில விட்டவங்க யாரெல்லாம்?"

எனக்கு முன்னால் நின்ற பெண், என் வயதுக்காரி, ஒரு தம்பியை இடுப்பில் வைத்திருந்தவள், சொன்னாள். "எல்லாருந்தான் டீச்சர். முழுசா முடிச்சவங்கள கேட்டீங்கன்னா சீக்கிரம் எண்ணிடலாம்."

வரிசை முழுதும் சிரித்தது. டீச்சரும் சிரித்தார். "சரி, ரெண்டு மணிக்கு வாங்க. பால் நாத்தத்தோட வந்தாலும் பரவால்ல. வர முடியாத அன்னிக்கு வர வேணாம்."

ஏழு பேர் போனோம். அந்த வகுப்பை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பெயர்ப் புத்தகம் கிடையாது. பிரம்பு கிடையாது. தாமதமாக வந்தால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மழை பெய்து மரம் வெட்டாத நாளில் காலையிலேயே போய்ப் பின்பக்கத்து அறையில் உட்கார்ந்துகொள்ளலாம். அவரவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம். தம்பியை இடுப்பில் சுமந்தவள் இரண்டாம் வகுப்பில் நின்றவள். கணக்கை வாயாலேயே போட்டுவிடுவாள், எழுத வராது. எனக்கு எழுத வரும், பேச வராது. டீச்சர் ஒரு வாரம் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்.

"நீ எழுது. அவ வாசிக்கட்டும்."

எங்களை வேலை வாங்கும் மண்டோரின் தொப்பியைப் பற்றி நான் ஐந்து வரி எழுதினேன். காற்றில் பறந்து பால் வாளிக்குள் விழுந்த தொப்பி. அவள் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். மூன்றாம் வரியில் சிரிப்பு வந்து நிறுத்திவிட்டாள். "டேய், இது நீயா எழுதுனது? ஊமைக் கோட்டான் மாதிரி இருந்துகிட்டு!" அறையே சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நான் எழுதியதற்குச் சிரித்தார்கள். அந்த வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தச் சத்தத்தை மறுபடி ஒருமுறை கேட்க வேண்டும் என்று இத்தனை வருடமும் மனது கேட்டுக்கொண்டே இருக்கிறது.

எங்கள் வயதுக்கு வாசிக்கப் புத்தகம் இல்லை. சின்னப் பிள்ளைகளின் புத்தகத்தில் அணிலும் ஆடும்தான் இருந்தன. அதனால் நாங்களே ஒரு புத்தகம் செய்தோம். நாங்கள் எழுதியவை, பழைய பத்திரிகையிலிருந்து வெட்டியவை, பிஸ்கட் டின்னின் படங்கள் எல்லாவற்றையும் பழுப்புத் தாளில் ஒட்டினோம். டீச்சர் மலாக்காவிலிருந்து கொண்டுவந்த கோந்துப் புட்டி பாதிப் புத்தகத்தில் தீர்ந்துபோனது. ரப்பர்ப் பாலை வைத்து ஒட்டிப் பார்த்தோம். இரண்டு நாளில் பக்கம் பழுத்து நாறியது.

டீச்சர் ஒரு காரியம் செய்திருந்தார். எங்கள் ஏழு பேரையும் அந்த வருடம் ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுத விடும்படி மலாக்கா ஆபீசுக்குக் கடிதம் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் ஓர் அதிகாரி வந்து வகுப்பைப் பார்ப்பார், அவர் சரி என்றால் எழுதலாம் என்று பதில் வந்தது. மலாக்காவில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்க ஆள் வேண்டும், ஆறாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால் போதும் என்று டீச்சர் என்னிடம் தனியாகச் சொன்னார். நாள் முழுதும் எழுத்துகளோடு இருக்கலாம், யாரிடமும் பேச வேண்டியதில்லை. அந்த வேலையைத் தவிர வேறு எதையும் அந்த நாட்களில் நான் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை மூன்று பக்கங்கள் ஒட்டாமல் கிடந்தன. வீட்டில் நாங்கள் எதை ஒட்டுவதற்கும் சோற்றைத்தான் எடுப்போம். காலண்டர் சாமிப் படம், பட்டம், கிழிந்த தபால் உறை எல்லாம் நான்கு பருக்கையை நசுக்கித் தேய்த்தால் நின்றுகொள்ளும். அன்று மதியம் சாப்பிட உட்காரும் முன் சட்டியிலிருந்து ஒரு பிடி சோற்றை இலையில் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். ஒவ்வொரு நாள் காலையிலும் கேட்டில் கையைத் தூக்கிச் சோதனைக்கு நிற்கிறவன்தான் நான். ஆனாலும் அது எனக்குச் சோறாகவே தோன்றவில்லை. பசையாகத்தான் தோன்றியது.

மதியத்தில் கேட்டில் நிற்கும் மலாய்க்காரக் காவலர், அண்ணன் என்பதுபோல அபாங் என்று நாங்கள் கூப்பிடுகிறவர், எங்களைப் பார்த்தால் தலையை ஆட்டி விட்டுவிடுவார். அன்று அவரோடு ஒரு சார்ஜன்ட் நின்றார், பக்கத்தில் ஒரு ஜீப்பும் நின்றது. சார்ஜன்டின் கை என் பையில் பட்டது. இலை இன்னும் சூடாக இருந்தது.

"நாசி இனி உந்தோக் சியாபா?"

இந்தச் சோறு யாருக்கு என்று கேட்டார். பசைக்கு என்று ஒரு சொல் சொன்னால் போதும். மலாயில் வராவிட்டால் தமிழிலாவது சொல்லியிருக்கலாம். என் உதடு அசையவில்லை. அவர் இரண்டாம் முறை கேட்டார். நான் வியர்த்து வழிந்தேன். பின்னால் நின்ற என் பெஞ்சுக்காரிதான் கத்தினாள். "புக்கு ஒட்டறதுக்குலா அபாங்! நம்ம பள்ளிக்கூடத்து புக்கு!"

அபாங் அதை மலாயில் சொன்னார். சார்ஜன்ட் சிரித்தார். "புக்கு சோறு தின்னுமா?" என்று மலாயிலேயே கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். வாயே திறக்காமல் நடுங்கும் பையனைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். அம்மா வேலிக்கு உள்பக்கமாக ஜீப்போடு கொஞ்ச தூரம் ஓடி வந்தார்.

மறுநாள் மதியம் டீச்சர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். கையில் அந்தப் புத்தகமும் ஒட்டாத மூன்று பக்கங்களும் இருந்தன. போலீஸ்காரர்களின் சமையலறையிலிருந்து நான்கு பருக்கை வாங்கி, மேசைமேல் நசுக்கி, ஒரு பக்கத்தை ஒட்டிக் காட்டினார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. சிரித்துக்கொண்டே என்னை விட்டுவிட்டார்கள்.

அது வெள்ளிக்கிழமை. நாங்கள் திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது, அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறார். என்னைப் பிடித்த செய்தி கேட்டு, மதியத்துக்குமேல் யாரையும் வெளியே விடக் கூடாது என்று தோட்டத்துத் துரை அன்று காலையிலேயே உத்தரவு போட்டிருந்தார். மற்ற ஆறு பேரும் வேலிக்குள் நின்றபடி அவருடைய காரைப் பார்த்திருக்கிறார்கள். பூட்டிய வகுப்பறையை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அவர் போய்விட்டார்.

வகுப்பு நடத்த வேலிக்குள்ளேயே ஓர் இடம் கொடுங்கள் என்று டீச்சர் கேட்டார். இளவட்டங்கள் கூட்டமாக உட்காரக் கூடாது என்றார்கள். பரீட்சையை ஏழு பேரில் ஒருவரும் எழுதவில்லை. அந்த வருடக் கடைசியில் டீச்சரை வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். எங்கே என்று தெரியாது. என்னை யாரும் திட்டவில்லை. என் பெஞ்சுக்காரி மட்டும் ஒருநாள் பெரட்டில் சொன்னாள். "ஒரு பிடி சோத்தோட ஏழு பேரு பரீட்சையையும் சேத்து முழுங்கிட்டியேடா." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அடுத்த தைக்குள் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

பிறகு பால்மரம் வெட்டினேன். அதை அழித்து எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தபோது குலை அறுத்தேன். இப்போது புலாவ் செபாங்கில் ஒரு மளிகைக் கடையில் மூட்டை இறக்குகிறேன். வேலி போய் வெகுநாளாகிறது. மதியம் கடையில் கூட்டம் குறையும் நேரத்தில் கடிகாரம் இரண்டைக் காட்டினால் இன்னும் ஒரு நிமிடம் நான் இங்கே இருப்பதில்லை. எட்டு மாதம்தான் நடந்தது அந்த வகுப்பு. என் வாழ்க்கையில் அது மட்டும்தான் போதவில்லை.

கோயில் மண்டபத்தில், பள்ளியில் தவறிப்போன பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு நடக்கிறது. நான் மூன்று வாரம் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினேன். நான்காம் வாரம் அங்கே பாடம் சொல்லும் தம்பி வெளியே வந்தார்.

"ஐயா, பிள்ளைய சேக்கவா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேன்.

அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "உங்களுக்கா? வயசெல்லாம் பாக்க மாட்டோம்லா. இங்க எல்லாருக்கும் ஒரே கண்டிஷன்தான். ஏன் பள்ளிக்கூடத்த விட்டீங்கன்னு ஒரு பக்கம் எழுதி எடுத்துட்டு வாங்க. ஆறாம் வகுப்பு பரீட்சை எழுதணும்னாலும் நாங்க ஏற்பாடு பண்றோம்."

ஒரு பக்கத்துக்குள் முடியவில்லை. நாளைக்கு இதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

1984 ஆகஸ்ட் 11, சனிக்கிழமை.