சொங்கோக் போட்ட வாடிக்கையாளர்

உம்மா போன நோன்புக்கு அடுத்த ஷவ்வால் மாதத்தில் இறந்தார். பெயர் சம்சாத் பேகம். சிங்கப்பூருக்கு அக்கரையில், உலு திராமில் எங்கள் சாப்பாட்டுக் கடையின் கல்லாவில் பாதி ஆயுளைக் கழித்தவர். எதைப் பார்த்தாலும் கருத்து சொல்வார். யாரும் கேட்கவேண்டியதில்லை.

சினிமாவுக்கு அவர் வைத்த அளவுகோல் ஒன்றுதான்: படத்தில் யாராவது ஒழுங்காகச் சாப்பிட்டார்களா? அத்தனை பேரை அடித்துப்போட்ட கதாநாயகன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காவிட்டால் அது பொய்ப்படம். எதிர்க்கடையில் தட்டு தூக்கும் ரோபோ வந்தபோது போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வழிவிடச் சொல்லத் தெரிகிறது, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றவா என்று கேட்கத் தெரியவில்லை என்றார்.

நான் சிங்கப்பூரில் மென்பொருள் சோதிக்கிற வேலையில் இருக்கிறேன். ஒரு வாரக்கடைசியில் அவர் போனில் ஒரு சமையல் கேம் ஏற்றிக்கொடுத்தேன். வாடிக்கையாளர்கள் வந்து உட்காருவார்கள். தலைக்கு மேல் மூன்று இதயங்கள். சாப்பாடு தாமதமானால் ஒவ்வொன்றாக அணையும். மூன்றும் அணைந்தால் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். துப்பாக்கி கேமெல்லாம் வேலையில்லாதவர்களுக்கு, இதில்தான் விஷயம் இருக்கிறது என்றார் உம்மா.

லாபிஸில் இருக்கும் நுஸ்ரத் மாமி, அத்தாவின் தங்கை, அதே கேமை ஆடினார். வாராந்தரப் போட்டியின் தங்கப்பானை எப்போதும் மாமிக்குத்தான். குடும்பக் குழுவில் படம் போட்டு, அண்ணன் மனைவியைச் சீண்டி, மச்சிக்கு அடுத்த வாரம் கிடைக்கும் என்று எழுதுவார். உம்மாவுக்கு ஒரே ஒரு தடவை அந்தப் பானை வேண்டும்.

நோன்பு மாதத்தில் வாய்ப்பு வந்தது. போட்டி சாயங்காலம் ஆறு மணிக்கு முடிகிறது. நோன்பு திறக்கும் பாங்குக்கு ஏழு மணி தாண்டும். உம்மா முன்னிலையில் இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைசிச் சுற்றில் தாடி வைத்த, சொங்கோக் மாதிரி கறுப்புத் தொப்பி போட்ட ஒருவர் வந்து சோறும் ஆரஞ்சுச் சாறும் கேட்டார். உம்மாவின் விரல் அந்தரத்தில் நின்றது.

எங்கள் கடையில் நோன்புப் பகலில் முஸ்லிம்களுக்கு விற்பதில்லை.

"உம்மா, தட்டுங்க."

"நோன்பு பைரோஸ். இன்னும் பாங்கு சொல்லல."

ஓர் இதயம் அணைந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "இந்த கேமோட சர்வர் வேற நாட்டுல இருக்கும்மா. அங்க இப்ப ராத்திரி."

"சர்வர் எங்க இருந்தா என்ன? இவன் உட்கார்ந்திருக்கிறது உலு திராம்ல."

இரண்டாவதும் அணைந்தது.

"பயணியா இருக்கலாம். பயணிக்கு நோன்பு கடமையில்ல."

உம்மா கண்ணாடியைச் சரிசெய்து திரையை உற்றுப் பார்த்தார். "பெட்டி எங்க?"

தொப்பிக்காரர் கோபித்துக்கொண்டு போனார். தங்கப்பானையும் போயிற்று.

நோன்பு திறந்த பிறகு மாமி கூப்பிட்டார். கடைசியில் தூங்கிவிட்டீர்களா மச்சி என்று கேட்டுச் சிரித்தார். உம்மா திருப்பிக் கேட்டார்.

"அந்த சொங்கோக்காரருக்கு நீ சாப்பாடு போட்டியா நுஸ்ரத்து?"

"போட்டேன். அது பொம்மை லா மச்சி."

"சரி. பசிச்சிருக்கும், பாவம்."

தராவீஹ் தொழுகைக்குப் போகுமுன் உம்மா மறுபடி கேமைத் திறந்தார். போட்டி முடிந்துவிட்டது, இதில் புள்ளி கிடையாது என்றேன். தலையாட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் பரிமாறிக்கொண்டே இருந்தார். சொங்கோக்காரர் வந்ததும் மற்றவர்களை நிறுத்திவைத்து அவருக்கு முதலில் கொடுத்தார்.

"சாப்பிடு வாப்பா."

தட்டு போய்ச் சேர்ந்த நொடியில் ஆளும் மறைந்தார். கேமின் அமைப்பு அப்படி. உம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"இத செஞ்சவங்களுக்கு எழுதிப் போடு பைரோஸ். சாப்பிட்டதும் ஆளக் காணாம ஆக்கிடுறாங்க. கை கழுவிட்டு, வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்னவாம்?"

ஆகட்டும் என்றேன். உம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரம் எழுதினேன். ஆலோசனை என்றொரு பிரிவு இருந்தது. நான் பிழை என்ற பிரிவில் பதிந்தேன்.