நிலம் தொடாத பச்சை வயர்

மணிச் சர்க்கிட்டில் பூட்டிய ஐசி சிப் மறுபடியும் செத்துப்போனது. விரலை வைத்தால் சுட்டது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் ஃபிளாட்டில் சாப்பாட்டு மேசைதான் என் பட்டறை. பொழுதுபோக்குக்குச் சர்க்கிட் செய்பவன் நான். ஆனால் இது பொழுதுபோக்கு இல்லை. பக்கவாதம் வந்தபின் அம்மாவின் குரல் அவரது அறைக் கதவைத் தாண்டி வருவதில்லை. கட்டிலில் நான் செய்து பூட்டிய பெல் சுவிச்சை அவர் அமத்தினால் எங்கள் அறையில் மணி அடிக்க வேண்டும். மணி அடிக்காத ஒரு நாள் காலையில், அவர் ஈரத்திலேயே கிடந்ததைக் கண்டோம். அதன்பின் யாரைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல்தான்.

முதலில் மாட்டியவர், எல்லோரும் நானா என்று கூப்பிடும் புறக்கோட்டைக் கடைக்காரர். மழைக்குள் பஸ் பிடித்துப் போய், செத்த ஐசிகளை அவருடைய கண்ணாடி மேசையில் கொட்டினேன்.

"நானா, எல்லாம் டூப்பு. என்ன சாமான் விக்கிறீங்கள்?"

"தம்பி, இதே பெட்டியிலதான் எல்லாருக்கும் குடுக்கிறேன். வேற ஒருத்தரும் திருப்பிக் கொண்டு வரல்ல. கோளாறு ஒங்கட ஊட்டுலதான்."

அந்த மனிசனோடு கைகலக்காமல் வந்ததே பெரிய காரியம். வேறு கடையில் வாங்கினேன். அதுவும் போனது.

அன்று பின்னேரம் என் மனைவி ஃபிரிட்ஜைத் திறக்கப் போய், பாதியில் நின்று செருப்பைத் தேடினாள். இந்தக் கட்டடத்தில் எல்லோரும் அப்படித்தான். நாங்கள் குடிவந்த அன்றே பக்கத்து வீட்டு அக்கா, குப்பை எடுக்கும் நாளோடு சேர்த்துச் சொல்லித் தந்தார்: "வெறுங்காலோட ஃபிரிட்ஜைத் தொடாதேங்கோ, கறண்ட் கடிக்கும்." கோயிலில் செருப்பைக் கழற்றுவதுபோல இங்கே செருப்பைப் போடுவோம். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. படித்த கூட்டம்!

கறண்ட் இருந்தால் விளக்கெரியும் டெஸ்டரை ஃபிரிட்ஜ் கதவில் வைத்தேன். எரிந்தது. அம்மாவின் பெல் சுவிச்சைச் சுற்றி நான் ஏர்த்தோடு இணைத்திருந்த உலோக வளையத்தில் வைத்தேன். அதிலும் எரிந்தது.

கீழே மீற்றர் அறைக்கு ஓடினேன். கசியும் கறண்டை நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டிய எல்லா வீட்டு ஏர்த் வயர்களும், அந்தப் பச்சை வயர்கள், ஒன்றாக முறுக்கி டேப் சுற்றி அழகாகத் தொங்கின. அங்கிருந்து நிலத்துக்கு ஒரு கம்பிகூட இறங்கவில்லை. வாசலுக்கு மாபிள் பதிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு ஏர்த் கம்பி அடிக்க மனம் வரவில்லை. எந்த வீட்டு வாஷிங் மெஷினில் கசிந்த கறண்டும் போக வழியில்லாமல் எல்லார் வீட்டுக்குள்ளும் வந்தது. என் ஐசிகளைத் தின்றதும் அதுதான்.

முதலாம் மாடியில் இருக்கும் ஃபிளாட் சங்கச் செயலாளருக்கு ஃபோன் எடுத்தேன்.

"இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே, தம்பி. ஏன் பெரிசாக்கிறீங்கள்?"

நான் கத்திய கத்தில் வாசல் காவலாளி ஓடிவந்தார்.

மேலே வந்து அம்மாவின் கட்டிலிலிருந்து சுவிச்சைக் கழற்றினேன்.

"அம்மா, இதை அமத்தேக்க உங்களுக்குக் கடிச்சதோ?"

"ஓம்." நாக்குப் புரளாமல் மெதுவாகத்தான் சொன்னார்.

"ஏன் சொல்லேல்லை?"

"நீ மினக்கெட்டுச் செய்தது. குறை சொல்லக் கூடாதெண்டு... ஏலுமான மட்டும் அமத்தாமல் கிடந்தனான்."

மறுபடி கீழே இறங்கினேன். இந்தமுறை நான் ஃபோனில் பேசப் போகவில்லை. செயலாளரின் கதவைத் தட்டினேன்.